காட்டின் விளிம்பில் பிறக்கும் காய்ச்சல்

(திருப்பூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பஞ்சும் நூலும் பனியனுமாக இரவு பகல் இயங்கும் இந்நகரில், காட்டுப் பிராணிகளைக் குறித்தும், அவற்றின் தோலில் ஒட்டி இரத்தம் குடித்து வாழும் உண்ணிகளைக் குறித்தும் ஒருவன் பேச முற்படுவது உங்களுட் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் 2009ஆம் ஆண்டில் கோவை, ஈரோடு ஜில்லாக்களிலிருந்து பிரிந்து தனியாக உருப்பெற்ற நம்முடைய ஜில்லா, பனியன் கம்பெனிகளோடும் சாயப்பட்டறைகளோடும் முடிந்துவிடுவதில்லை. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே திருமூர்த்தி மலையையும் அமராவதி அணையையும் தாண்டிச் சென்றால், ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் ஒரு பெரும்பகுதி நம் எல்லைக்குள்ளேயே விரிந்து கிடக்கிறது. யானையும் காட்டெருமையும் கடமானும் உலவுகின்ற அந்த மலைச்சரிவுகளில், தளிஞ்சி, குருமலை, குழிப்பட்டி முதலிய ஊர்களில், முதுவரும் மலைப்புலையரும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறார்கள். அவர்களுக்கு வரும் காய்ச்சல் நம் ஜில்லாவின் காய்ச்சல். அதனால்தான் இந்த விஷயத்தை இந்த ஊரில் பேச வேண்டும் என்று விரும்பினேன்.

1957ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அன்றைய மைசூர் ராஜ்யத்தின் சிமோகா ஜில்லாவில், சொரப் தாலுகாவைச் சேர்ந்த கியாசனூர் என்னும் காட்டில், குரங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மரங்களிலிருந்து விழுந்து மடியத் தொடங்கின. சாம்பல் மந்திகளும், ஊருக்குள் நாம் நாள்தோறும் காணும் நாட்டுக் குரங்குகளும் ஒருசேர மாண்டன. அதே நாட்களில், விறகுக்கும் சருகுக்கும் அந்தக் காட்டுக்குள் போய்வந்த கிராமத்தார் பலர், திடீரென்று மூண்ட கடுங்காய்ச்சலோடும், பொறுக்க முடியாத தலைவலியோடும், உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற் போன்ற தசைவலியோடும் படுத்துவிட்டனர், சிலருக்கு மூக்கிலிருந்தும் ஈறுகளிலிருந்தும் இரத்தம் கசிந்தது, சிலர் இறந்தனர். குரங்கும் மனிதனும் ஒரே காலத்தில் மடிகிறார்கள் என்ற செய்தி பூனாவிலிருந்த வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தை எட்டியபோது அங்கே உண்டான கலக்கம் சாமானியமானதன்று. ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் குரங்குகளையும் மனிதரையும் சேர்த்துப் பீடிக்கும் மஞ்சள் காய்ச்சல், அதுவரை ஒருபோதும் தலைகாட்டாத ஆசியக் கண்டத்தில் காலடி வைத்துவிட்டதோ என்பதே அந்தக் கலக்கத்துக்குக் காரணம். அந்நோயைச் சுமக்கக்கூடிய கொசு நம் நாட்டில் ஏராளமாக இருக்க, அதற்கு எதிர்ப்புச் சக்தியோ நம் ஜனங்களுக்கு அறவே இல்லாதிருக்க, அது வந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவும் அஞ்சவேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் சேர்ந்து 1952இல் தோற்றுவித்த அந்த நிலையத்தின் தலைவராக அப்போது இருந்த டெல்ஃபோர்ட் வொர்க் என்பவரும் அவருடைய சகாக்களும் விரைந்து சென்று, மடிந்த குரங்குகளின் உறுப்புகளையும் நோயாளிகளின் இரத்தத்தையும் சோதித்துப் பார்த்து, அது மஞ்சள் காய்ச்சல் அன்று என்று சில வாரங்களிலேயே தெளிந்தனர். ஆனால் அவர்கள் கண்டெடுத்த வைரஸ் வேறொரு வியப்பைத் தந்தது. ரஷ்ய நாட்டின் குளிர்ந்த காடுகளில், உண்ணிகளின் கடியால் மூளைக் காய்ச்சலை உண்டாக்கும் வைரஸ்களுக்கு அது நெருங்கிய உறவாக இருந்தது. சைபீரியாவின் பனிக்காட்டில் உள்ள ஒரு கிருமிக்கு, மைசூரின் மலைப்பகுதியான மலநாட்டின் பாக்குத் தோப்புகளை ஒட்டிய காட்டில் ஓர் உறவினர் எப்படி வந்து சேர்ந்தார்? கன்னட மக்கள் மங்கன காயிலெ என்று வழங்கிய அந்தக் குரங்குக் காய்ச்சலின் பூர்வோத்தரத்தை ஆராயப் புகுந்தவர்களின் பார்வை, இயல்பாகவே, ஆண்டுதோறும் வடக்கிலிருந்து வந்து போகும் பறவைகளின்மேல் விழுந்தது.

இந்தச் சந்தேகத்தால் நம் நாட்டுக்கு ஒரு பெரும் நன்மை விளைந்தது என்பதை இங்கே சொல்லாமற் போவது நன்றியாகாது. பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் யாத்திரையை அறியவேண்டும் என்று நெடுங்காலம் ஆசைப்பட்டும் பொருளின்றித் தவித்துக்கொண்டிருந்த சலீம் அலி அவர்களுக்கு, உண்ணிகளைச் சுமந்து வருவது பறவைகளா என்று அறிய விரும்பிய உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் உதவி 1959இல் கிடைத்தது; பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வளையமிடும் பணி அவ்வாறு விரிவடைந்து, பிற்காலத்தில் நம் கோடியக்கரையிலும் வேரூன்றியது. பின்னர் அமெரிக்க ராணுவத்தின் நிதியும் இப்பணியில் கலந்தமையால் எழுந்த ஐயப்பாடுகள், 1970களில் நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழுவின் விசாரணை வரைக்கும் சென்றன. அந்நிய ராணுவத்தின் பணத்தால் நடைபெறும் ஆராய்ச்சியை ஒரு சுதந்திர நாடு கண்ணை மூடிக்கொண்டு ஏற்கலாகாது என்பது நியாயமே. ஆயினும் அந்த ஆண்டுகளில் ஆயிரமாயிரம் பறவைகளைக் கையிலேந்தி அவற்றின் இறகடியில் உண்ணி தேடியவர்களின் உழைப்பால், நம் பறவைகளைப் பற்றி நாம் அறிந்தது மிகப் பெரிது. பறவைகளின்மேல் சுமத்தப்பட்ட குற்றமோ நிரூபணமாகவில்லை. நம் சர்க்கார் பெரியபாளையத்து நஞ்சராயன் குளம் 2022இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024இல் ராம்சார் சதுப்புநிலப் பட்டியலிலும் இடம் பெற்றிருக்கிறதல்லவா? அங்கே பனிக்காலத்தில் வந்திறங்கும் விருந்தாளிகளை எவரேனும் நோய் சுமந்து வருபவர்கள் என்று சொன்னால், இந்தச் சரித்திரத்தை எடுத்துச் சொல்லுங்கள்.

குற்றவாளியைத் தொலைதூரத்தில் தேடியவர்கள், அது காலடியிலேயே இருந்ததைப் பின்னர் கண்டார்கள். ஹீமாஃபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்னும் காட்டு உண்ணியே இந்நோயைப் பெரும்பாலும் பரப்புவது. இதன் வாழ்க்கையைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். ஏனெனில் நோயின் இரகசியம் முழுவதும் இதன் வாழ்க்கையில்தான் இருக்கிறது. முட்டையிலிருந்து வெளிவரும் ஆறுகால் குஞ்சு ஒரு பிராணியின்மேல் ஏறி ஒருமுறை இரத்தம் குடித்துவிட்டுத் தரையில் விழுந்து, சருகுக்குள் தோலுரித்து, எட்டுக்கால் இளம் உண்ணியாகிறது. அது மீண்டும் வேறொரு பிராணியைப் பற்றி ஒருமுறை உண்டு, விழுந்து, தோலுரித்து, முதிர்ந்த உண்ணியாகிறது. முதிர்ந்தது மூன்றாவதாக ஒரு பெரிய பிராணியை நாடி வயிறு புடைக்கக் குடித்து, தரையில் இறங்கி ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு மடிகிறது. ஆக, ஓர் உண்ணியின் ஆயுளில் மூன்றே உணவு. ஒவ்வோர் உணவுக்கும் வேறு வேறு பிராணி. குஞ்சுப் பருவத்தில் எலியும் மூஞ்சூறும் அணிலும் தரையில் மேயும் பறவையும் குரங்கும். முதிர்ந்த பருவத்தில் மானும் காட்டெருமையும், அவற்றைவிட எளிதாகக் கிடைக்கும் மாடும். ஒருமுறை வைரஸை ஏற்ற உண்ணி, தோலுரித்த பின்னும் அதை இழப்பதில்லை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் முதிர்ந்த உண்ணிகள் உணவு தேட, அம்மழை ஓய்ந்த ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் குஞ்சுகள் பெருகி, மார்கழி தொடங்கிச் சித்திரை, வைகாசி வரைக்கும் இளம் உண்ணிகள் காட்டுத் தரையில் நிறைந்திருக்கின்றன. மனிதனைக் கடிப்பது பெரும்பாலும் இந்த இளம் உண்ணி. கடுகளவே உள்ள இது கடித்ததை மனிதன் உணர்வதுகூட இல்லை. அறுவடை முடிந்து, விறகுக்கும் சருகுக்கும் பாக்குக்கும் ஏழை மக்கள் காட்டுக்குள் செல்லும் பருவமும் அதுவே.

இதில் குரங்கின் பங்கு என்ன? குரங்கை நோயின் ஊற்று என்று நினைத்து வெறுப்பவர்கள் உண்டு. அது பெரும் பிழை. குரங்கு நம்மைப் போலவே கடிபட்டு, நம்மைவிட வேகமாக மடியும் ஒரு சக பலி. அதன் இரத்தத்தில் வைரஸ் மிகுதியாகப் பெருகுவதால், அப்போது அதைக் கடித்துக்கொண்டிருக்கும் உண்ணிகள் யாவும் நஞ்சேறுகின்றன. குரங்கு விழுந்து அதன் உடல் குளிர்ந்ததும், அத்தனை உண்ணிகளும் அதைவிட்டு இறங்கி, அந்த இடத்துச் சருகில் பரவிக் காத்திருக்கின்றன. இதனால்தான் செத்த குரங்கு கிடந்த இடத்தைச் சுற்றி 50 மீட்டர் வரைக்கும் பூச்சிமருந்து தூவுவதும், உடலை எரித்துவிடுவதும் வழக்கமாயிற்று. மனிதனோ இந்த நோயின் பயணத்தில் கடைசி நிலையம். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இது பரவுவதில்லை. நோயாளியின் அருகிலிருந்து பணிவிடை செய்பவர்கள் அஞ்சவேண்டியதில்லை.

இனி மாட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். இங்கேதான் ஆராய்ச்சி மிகவும் சுவையாகிறது. மாட்டின் உடம்பில் இந்த வைரஸ் பெருகுவதில்லை. ஆகவே மாடு நோயைப் பரப்பவில்லை. ஆயினும் மாடில்லாமல் நோய் இத்தனை பெருகியிராது. பூனா நிலையத்தில் பணிபுரிந்த ஹோர்கே போஷெல் என்னும் கொலம்பிய நாட்டு விஞ்ஞானி, தம் நாட்டுக் காடுகளில், வெட்டுண்ட மரம் சாய்ந்தவுடன் உச்சாணிக் கிளைகளில் வாழ்ந்த கொசுக்கள் தரைக்கு இறங்கி வெட்டினவனையே மொய்ப்பதைக் கண்டு, காட்டு மஞ்சள் காய்ச்சலின் வழியை உணர்ந்தவர். அப்படிப்பட்ட அனுபவத்தோடு மலநாட்டுக்கு வந்த அவர் இங்கும் காட்டைத் திருத்துவதையே உற்றுநோக்கினார். அடர்ந்த காட்டின் நடுவில் வயலும் தோப்பும் உண்டாக்கப்பட்டு, அவற்றின் ஓரங்களில் முட்புதர் மண்டி, அந்தப் புதர்களுக்குள் மாடுகள் நாள்தோறும் ஓட்டிச் செல்லப்படும்போது, முன்பு அரிதாகக் கிடைத்த பெரிய பிராணியின் இரத்தம் உண்ணிகளுக்கு இடைவிடாமல் கிடைத்து, அவை அளவின்றிப் பெருகின என்பது அவருடைய முடிவு. வைரஸ் புதிதாக வந்ததன்று. அது காட்டில் எலிக்கும் உண்ணிக்குமிடையே ஓசையின்றி நெடுங்காலமாக இருந்திருக்கலாம். அதை வெளியே இழுத்து விட்டது காட்டின் விளிம்பை நாம் மாற்றிய விதம். பி.கே. ராஜகோபாலன் போன்ற நம்மவர்களும் அந்தக் காட்டில் பல ஆண்டுகள் உண்ணிகளைச் சேகரித்து உழைத்து இந்த அறிவை வளர்த்தவர்கள். அவர் பின்னாளில் புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்திகள் ஆராய்ச்சி மையத்தின் இயக்குநராக விளங்கினார்.

உண்ணியை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று அறிய உங்களுக்கு ஆவல் இருக்கும். இருக்கவும் வேண்டும், ஏனெனில் அதற்கான முதன்மைக் கருவி உங்கள் கைத்தொழிலைச் சேர்ந்தது. ஏறக்குறைய ஒரு மீட்டர் சதுரமுள்ள வெள்ளைப் பருத்தி ஃபிளானல் துணியை ஒரு கோலில் கட்டி, காட்டுத் தரையின் சருகின் மேலும் புல்லின் மேலும் மெல்ல இழுத்துக்கொண்டு நடக்கிறார்கள். பிராணி ஒன்று உராய்ந்து செல்கிறது என்று மயங்கும் உண்ணிகள் அந்தத் துணியின் மென்மயிரைப் பற்றிக்கொள்கின்றன. சில அடிகளுக்கொருமுறை துணியைத் திருப்பி, வெள்ளையில் ஊரும் புள்ளிகளை இடுக்கியால் எடுத்துக் குப்பியிலிட்டு, இடமும் நாளும் எழுதிவைக்கிறார்கள். உலகெங்கும் உண்ணி ஆராய்ச்சியின் அடித்தளம் இந்த எளிய துணிதான். எத்தனையோ கோடி ரூபாய் பெறும் இயந்திரங்கள் ஆய்வுக்கூடத்தில் இருந்தாலும், இந்தத் துணியை இழுத்துக்கொண்டு வெயிலில் நடக்கும் ஒரு மனிதன் இல்லாவிட்டால் அவற்றுக்கு வேலையில்லை.

காங்கேயத்தைத் தன் நிலப்பரப்பில் கொண்ட ஜில்லாவின் மக்களுக்கு மாட்டுண்ணியை அறிமுகம் செய்யவேண்டியதில்லை. வெள்வேல மரங்கள் நிழல் தர, கிளுவை வேலி சூழ, கொழுக்கட்டைப் புல் விளையும் கொரங்காடுகளில் மேயும் மாடுகளின் பின்னே உண்ணிக்கொக்குகள் நடந்துவரும் காட்சி நம் கண்ணுக்குப் பழகியது. இவ்வினத்தை வளர்த்துக் காத்த பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தின் பணியும், கண்ணபுரத்து மாட்டுச் சந்தையின் பெருமையும் உங்களுக்குத் தெரியும். நாட்டு மாடுகளின் தோலுக்கு உண்ணியை எதிர்க்கும் இயல்பு மிகுதி என்பதும், சீமை இரத்தம் கலந்த பால்மாடுகளே உண்ணிக் காய்ச்சல்களால் அதிகம் வாடுகின்றன என்பதும் கால்நடை மருத்துவம் உறுதி செய்த உண்மைகள். உண்ணியால் நோய் வருகிறது என்பதை உலகுக்கு முதன்முதலில் மெய்ப்பித்ததும் மாட்டைக்கொண்டுதான். அமெரிக்காவின் தென்பகுதி மாடுகள் வடக்கே ஓட்டிச் செல்லப்பட்டபோதெல்லாம் வடக்கத்தி மாடுகள் சிவந்த சிறுநீர் பெய்து மடிந்தன; மாடு மேய்ப்பவர்கள் அதற்கு உண்ணிதான் காரணம் என்று சொல்லிவர, படித்தவர்கள் அதை நம்ப மறுத்தனர். தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் தென்பகுதி மாடுகளின் உண்ணிகளை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கி நீக்கிவிட்டு ஒரு வயலிலும், நீக்காமல் மற்றொரு வயலிலும் வடக்கத்தி மாடுகளோடு சேர்த்து விட்டுப் பார்த்து, மேய்ப்பவர்கள் சொன்னதே உண்மை என்று 1893இல் வெளியிட்டனர். கொசுவால் மலேரியா பரவுவதை ரொனால்டு ராஸ் நம் நாட்டில் கண்டறிவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முந்தியது இது. மாட்டோடு வாழ்பவனின் சொல்லை அறிஞன் செவிமடுத்தபோது ஒரு புதிய சாஸ்திரமே பிறந்தது என்பதை, நம் மலைவாழ் மக்களிடம் செல்லும் அதிகாரிகளும் மருத்துவர்களும் மனத்தில் இருத்தவேண்டும்.

மேல்நாட்டில் இன்று உண்ணிகளால் மிகப் பரவியுள்ள லைம் நோயைக் குறித்தும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாகாணத்தில், லைம் என்னும் ஊரில், குழந்தைகளுக்கு ஒருசேர மூட்டுவாதம் வருவதைத் தாய்மார்கள் 1975இல் சுட்டிக்காட்டியதிலிருந்து தொடங்கிய அந்த ஆராய்ச்சியில், வில்லி பர்க்டோர்ஃபர் உண்ணியின் உடலுக்குள் நோய்க்கிருமியைக் கண்டதை 1982இல் வெளியிட்டார். பின்னர் ரிச்சர்டு ஆஸ்ட்ஃபெல்டு முதலியோர், ஓக் மரங்கள் மிகுதியாகக் காய்த்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டில் சுண்டெலி பெருகுவதையும், அதற்கும் அடுத்த ஆண்டில் நஞ்சேறிய உண்ணிகள் பெருகுவதையும் கண்டு, மரத்தின் காயைப் பார்த்தே நோயின் ஏற்றத்தை முன்னறியலாம் என்றனர். பெரிய காட்டைத் துண்டு துண்டாக்கினால் நரி முதலியவை மறைய, கிருமியைச் சுமக்கும் சுண்டெலி மட்டும் தழைக்கிறது என்றும் அவர்கள் வாதித்தனர். பல்லுயிர் பெருகிய காடு எல்லா நோயையும் தணிக்கும் என்று பொதுப்படச் சொல்ல முடியுமா என்பதில் அறிஞர்களுக்குள் விவாதம் ஓயவில்லை. அந்தந்தக் காட்டை அந்தந்த மண்ணில் ஆராய்ந்தே சொல்லவேண்டும் என்பது என் கருத்து.

நம் பக்கம் திரும்புவோம். 1957 முதல் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குரங்குக் காய்ச்சல் கர்நாடகத்தின் மேற்கு ஜில்லாக்கள் ஐந்தில் அடங்கியிருந்தது. 2012ஆம் ஆண்டின் இறுதியில், நீலகிரியை ஒட்டிய பந்திப்பூர் புலிகள் காப்பகத்தில் குரங்குகள் மடிந்தன. அவற்றின் உடல்களைக் கையாண்ட வனத்துறைத் தொழிலாளர்கள் காய்ச்சலில் விழுந்தனர். அடுத்து நம் நீலகிரி ஜில்லாவில் மடிந்த குரங்குகளின் உடலிலும் அதே வைரஸ் காணப்பட்டது. 2013இல் வயநாட்டில் மனிதருக்கு நோய் தென்பட்டு, 2015இல் அங்கே நூற்றுக்கு மேற்பட்டோரைப் பீடித்து, பத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அவர்களுட் பெரும்பாலோர் பழங்குடி மக்கள். அதே காலத்தில் கோவாவின் சத்தரி தாலுகாவிலும், மஹாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் ஜில்லாவில் முந்திரித் தோட்டங்களில் வேலை செய்தோரிடமும் அது தோன்றியது. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகிலும் நோய் பரவிவிட்டதா, அல்லது முன்பே இருந்து இப்போதுதான் நம் கண்ணில் படுகிறதா என்று கேட்டால், இரண்டிலும் உண்மை உண்டு என்றே சொல்லவேண்டும். தேடுகின்ற கை சேர்ந்த இடங்களில்தான் நோய் அகப்படுகிறது.

இங்கிலாந்து, இந்திய அறிஞர்கள் சேர்ந்து அண்மையில் செய்த ஆராய்ச்சி ஒன்று நமக்கு மிகவும் பயன்படுவது. காட்டின் வகை, தோட்டம், மாடு, மனித நோய் ஆகியவற்றை வரைபடங்களில் பொருத்திப் பார்த்து, ஈரப்பசுங்காடும் தோட்டப்பயிரும் மாறி மாறிக் கலந்து, நாட்டு மாடுகளும் மிகுந்த இடங்களில் அபாயம் கூடுதலாகவும், வறண்ட இலையுதிர் காடு மிகுந்த இடங்களில் குறைவாகவும் இருப்பதை 2020இல் அவர்கள் வெளியிட்டனர். நம் அமராவதிச் சரகத்துக் காடு பெரும்பாலும் வறண்டது; மழைமறைவில் கிடப்பது. ஆகவே நம் ஜில்லாவில் குரங்குக் காய்ச்சல் நாளையே பெருகும் என்று அச்சமூட்டுவது பொறுப்பான செயலன்று. ஆனால் மலைக்கு மேலே, வால்பாறைப் பீடபூமியில், தேயிலைத் தோட்டங்களுக்கிடையே துண்டு துண்டாக நிற்கும் மழைக்காடுகளும், அவற்றுக்கிடையே சிங்கவால் குரங்குக் கூட்டங்களும், தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளும் நெருங்கிக் கிடக்கின்றன. அந்த அறிஞர்கள் வருணித்த காட்சிக்கு அது வெகுதூரத்தில் இல்லை. அங்கே இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை போன்ற அமைப்புகள் தோட்டக் கம்பெனிகளோடு சேர்ந்து காட்டுத் துண்டுகளை மீண்டும் வளர்த்து வருவதை, மரத்துக்கும் குரங்குக்கும் மட்டும் செய்யும் தொண்டாக நான் கருதவில்லை.

நம் ஜில்லாவுக்கும் தமிழ்நாடு முழுவதற்கும் இன்று மெய்யான இடராக இருப்பது வேறொரு நோய். உண்ணிக்குத் தாயாதி உறவான, கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு செந்நிறச் சிற்றுயிரின் குஞ்சு கடிப்பதால் வரும் ஸ்க்ரப் டைபஸைச் சொல்கிறேன். பத்திரிகைகள் இதையே உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. எலிகளின் காதில் ஒட்டி வாழும் அது, காட்டில் மட்டுமன்று, வயல் வரப்பிலும் புதர் மண்டிய காலிமனையிலும் இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்களும் லண்டன் சுகாதாரப் பள்ளியைச் சேர்ந்தவர்களும் தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களைத் தொடர்ந்து கண்காணித்து 2025இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஓர் ஆண்டில் பத்தில் ஒருவர் வரை இக்கிருமியால் தொற்றப்படுவதும், அவர்களுட் சிறு பகுதியினர்க்கே காய்ச்சல் காண்பதும், அச்சிறு பகுதியினருள் சிலருக்கு அது உயிருக்கே உலையாவதும் தெரிந்தன. மருந்து விலையுயர்ந்ததன்று, டாக்ஸிசைக்ளின் என்னும் சாதாரண மாத்திரை உரிய நாளில் கிடைத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். உரிய நாளில் கிடைக்காமற் போவதற்குக் காரணம், யாரும் அதை நினைக்காததுதான். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டாற்போல் ஒரு கறுத்த பொருக்கு உண்டாகும். அது அக்குளிலும் தொடையிடுக்கிலும் மார்பின் அடியிலும், பாவாடை நாடாவோ அரைஞாணோ இறுக்கும் இடுப்பிலும், அதாவது வைத்தியர் அவசரத்தில் பார்க்காத, நோயாளி வெட்கத்தால் காட்டாத இடங்களில் இருக்கும். பெண்களுக்கு இந்தக் கறுப்புத் தழும்பைத் தேடிப் பார்க்கப் பெண் செவிலியர் ஒருவர் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கவேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்கிறேன். விடுதிகளில் தங்கி வேலை செய்யும் வெளியூர்ப் பெண்களும் வடநாட்டு இளைஞர்களும் பண்டிகைக்குத் தத்தம் கிராமங்களுக்குப் போய்த் திரும்பி, பத்து நாள் கழித்துக் காய்ச்சலோடு படுத்தால், அது டெங்கு என்றோ டைஃபாய்டு என்றோ முடிவு கட்டுவதற்கு முன் உடம்பை ஒருமுறை முழுதாகப் பார்க்கச் செய்யுங்கள். இதைக் கம்பெனி முதலாளிகளும் விடுதிக் காப்பாளர்களும் தம் கடமையாகக் கொள்ளவேண்டும்.

குரங்குக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி இல்லையா என்று கேட்பீர்கள். கர்நாடகத்தில் 1990 முதல் ஒன்று போடப்பட்டு வந்தது. இரண்டு தவணை போட்டும் ஏறக்குறைய பத்தில் ஆறு பேருக்கே காப்பளித்து, ஊக்கத் தவணையும் சேர்ந்தால் எட்டுப் பேருக்கு அளித்த அந்த ஊசி, ஆண்டுதோறும் திரும்பத் திரும்பப் போடவேண்டியதாகவும், வலி மிகுந்ததாகவும் இருந்ததால், காட்டோரத்து மக்கள் பலர் அதை ஏற்கவில்லை. வீரியமும் குறைந்துபோகவே 2022இல் கைவிடப்பட்டது. தனியான மருந்தும் இந்த வைரஸுக்கு இல்லை. ஊசியும் மருந்தும் இல்லாத இடத்தில் நம்மிடம் இருப்பது முன்னறிவு ஒன்றே. முன்னறிவைத் தருபவர் காட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவர். மருத்துவமனையில் முதல் நோயாளி வருவதற்குச் சில வாரங்கள் முன்பே, காட்டுக்குள் ஒரு குரங்கு விழுந்திருக்கும். அதைக் காண்பவன் வேட்டைத் தடுப்புக் காவலனாகவோ, தேனெடுக்கப் போன முதுவனாகவோ, ஆடு மேய்க்கும் சிறுவனாகவோ இருப்பான். அவன் அதைத் தொடாமல், யாரிடம் சொல்வது என்று தெரிந்து, சொன்ன அன்றே கால்நடை மருத்துவர் வந்து மாதிரி எடுத்து, அம்மாதிரி தாமதமின்றி ஆய்வுக்கூடம் சேருமானால், மலையடிவாரத்து ஊர்களைக் காக்க நமக்கு அவகாசம் கிடைக்கும்.

ஆகையால் நான் கேட்டுக்கொள்வது இது. உடுமலை, அமராவதிச் சரகங்களில் மழை ஓய்ந்தது முதல் கோடை வரைக்கும் மாதம் ஒருமுறையேனும், குறித்த சில தடங்களில், முறைப்படி துணியிழுத்து உண்ணி சேகரிக்க ஏற்பாடு வேண்டும். ஆனைகட்டியிலுள்ள சலீம் அலி பறவையியல் மையமும், கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் உடுமலைக் கல்லூரியும், திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரியும் நமக்கு அருகிலேயே இருக்கின்றன. ஆள் பயிற்சிக்குக் குறைவில்லை. மலைக்கிராமத்து இளைஞர்களைக் கூலிக்கு அழைத்து வரப்படுபவர்களாக அல்லாமல், சம்பளம் பெறும் ஆராய்ச்சி உதவியாளர்களாக இதில் சேர்க்கவேண்டும்; தடமும் பிராணியும் பருவமும் அவர்களைப் போல் அறிந்தவர் வேறில்லை.

இந்த ஊரின் தொழிலதிபர்களிடம் தனியாக ஒரு விண்ணப்பம். அட்டைக் கடிக்கு அணியும் நீண்ட காலுறையைப் போல, உண்ணி நுழையாத நெருங்கிய பின்னலில், ஊர்ந்தால் தெரியும்படி வெள்ளையிலோ இளநிறத்திலோ, முழங்கால் வரை ஏறி வேட்டிக்கும் புடவைக்கும் பொருந்தும்படி ஒரு காலுறையைப் பின்னித் தர உங்களால் முடியும். வனக்காவலருக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் இன்று கிடைப்பது சீமைக்காரன் காற்சட்டைக்குத் தைத்தது. அதை அவர்கள் வெப்பத்தால் கழற்றிவிடுகிறார்கள். பெர்மெத்ரின் என்னும் மருந்தேற்றிய உடைகள் உண்ணிக் கடியை வெகுவாகக் குறைக்கின்றன என்று அமெரிக்காவில் வெளிக்கள ஊழியர்களிடையே செய்த சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அம்மருந்து மீனினத்துக்குக் கொடிய நஞ்சு. நொய்யலின் கதையை அறிந்தவர்கள் நாம். 2011இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச்சொன்ன நாட்களை இந்த அவையில் இருப்பவர் எவரும் மறந்திருக்கமாட்டார். மருந்தேற்றிய துணியைச் செய்யப் புகுந்தால் அதன் கழிவில் ஒரு சொட்டும் ஆற்றில் கலவாதபடி செய்யவேண்டும். அது இயலாதென்றால் வெறும் பின்னலே போதும். பருத்தியா, கலப்பு நூலா, எத்தனை நெருக்கம், வியர்வை எப்படி வெளியேறும், எத்தனை சலவை தாங்கும் என்பவற்றை என்னைவிட நீங்கள் நன்கறிவீர்கள். முதல் நூறு ஜோடிகளைத் தளிஞ்சிக்கும் குருமலைக்கும் அனுப்பி, ஒரு பனிக்காலம் அவர்கள் அணிந்து பார்த்து என்ன சொல்கிறார்களோ, அதைக் கேட்டு மாதிரியைத் திருத்துங்கள். அந்தப் பரிசோதனையை முறையாகக் குறித்துவைக்க மருத்துவக் கல்லூரி மாணவர்கள் இருவர் உங்களோடு வருவார்களானால், அவர்களையும் வரவேற்று அழைத்துச் செல்லுங்கள்.